இரண்டு பேருக்கும் பூசிய மருந்து

மதியச் சாப்பாடு முடிந்து குழந்தைக் காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளும் பாயில் சாய்ந்துவிட்டார்கள். எல்லோரும் குண்டு என்று கூப்பிடும் பையன் மட்டும் சிணுங்கிக்கொண்டே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்காவின் எட்டு மாத வயிற்றில் தலை வைத்துக் கிடந்தான். மடி என்று ஒன்று அவளுக்கு இப்போது இல்லை. காலையிலிருந்து அவனை இறக்கிவிடவும் இல்லை. பிள்ளைக்கு வியர்க்கிறதே என்று சட்டையைக் கழற்றினாள். முதுகெல்லாம் நீர்க்கொப்புளம்.

காப்பகத்தை நடத்தும் மேடம் கதவோரமே நின்றுவிட்டாள். "அம்மைதான். நீ முதல்ல கிளினிக்குக்குப் போ."

கிளினிக்கில் நர்ஸ் கேட்டாள். "சின்ன வயசுல உங்களுக்கு வந்திருக்கா? வந்திருந்தா பெரும்பாலும் பயமில்ல. வரலைன்னா உங்களுக்கும் ஆபத்து, வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்து."

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"வந்துச்சே. நெத்தியில வடு இருக்கு பாரு."

"என் நெத்தியில ஒண்ணும் இல்லம்மா."

அந்தப் பக்கம் அக்கா அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "அந்த வடு என்னுதுடி. உனக்கு வெறும் வேர்க்குரு. அம்மாதான் ரெண்டு பேருக்கும் மருந்தைப் பூசி, வெள்ளையடிச்ச சுவராட்டம் உட்கார வச்சாங்க."

"ரெண்டும் சொறிஞ்சுதுங்க, ரெண்டுக்கும் பூசினேன்" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். "எதுக்கு எதுன்னு எனக்கென்ன தெரியும்?"

"இப்ப நர்ஸ்கிட்ட நான் என்ன சொல்ல?"

போனை வைத்துவிட்டு, தெரியவில்லை என்றே நர்ஸிடம் சொன்னாள்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்துத்தான் ஊசி என்றார்கள்.

மேடம் போனில் சொன்னாள். "முடிவு வர்ற வரைக்கும் வராத. அந்த நாளையெல்லாம் உன் பிரசவ லீவுல கழிச்சுக்கறேன்."

"எனக்கு இருக்கறதே கொஞ்ச நாள்தானே மேடம்? குண்டு?"

"அவன நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் காலை, விட்டுவந்த சாப்பாட்டு டப்பாவை எடுக்கக் காப்பகத்துக்குப் போனாள். கேட்டருகே ஒரு தாய் தன் மகளைச் சட்டென்று இழுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு அம்மையாமே? மேடம் சொன்னாங்க. பிள்ளைங்க இருக்கற இடத்துக்கு ஏங்க வர்றீங்க?"

"எனக்கு இல்லைங்க..." என்று தொடங்கினாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் தாயின் தோளுக்கு மேலாக ஜன்னல் தெரிந்தது. உள்ளே புது ஆயாவின் மடியில் குண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். ஆயாக்காவைப் பார்த்ததும், தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான்.