வானத்துக்கு ஒட்டுப் போட்டவள்

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை காலை, மேனாம்பேட்டில் ஒரு காலனி நலச்சங்கக் கட்டடத்தின் பின்சுவரில் வரையப்பட்டிருந்த பெண்ணின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைக்கப்பட்டிருந்தன. சுவரோரம் ஒரு செங்கல் மேல் கற்பூரம் எரிந்த கரி. பக்கத்தில் ஒரு கிண்ணம் பால், ஒரு முட்டை.

முதல் திருப்பலி முடிந்து வீடு திரும்பிய சங்கச் செயலாளர் அருள்தாஸ் அதைப் பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி ஜெபிஷாவுக்குப் போன் செய்தார்.

"ஜெபிஷாம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போ. உன் படத்துக்குப் படையல் போட்டுக்கீறாங்க."

ஜெபிஷா எழும்பூரில் ஓவியம் படித்தவள். வார நாட்களில் அம்பத்தூர் ஓ.டி. அருகே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பேனர் வடிவமைப்பாள். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிப் பிறந்தநாள் எல்லாம். சனிக்கிழமை காலையில் மட்டும் சங்கக் கட்டடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு. வெறும் மலை, சூரியன், தென்னைமரம் அவளுக்குப் பிடிக்காது. ஒரு கதை சொல்வாள், பிள்ளைகள் அதை வரையவேண்டும். கதைகள் உலகம் முழுவதிலிருந்தும் வரும். அவசரமாக ஓடும் சூரியனைக் கயிறு போட்டுப் பிடித்த தீவுக்காரன், செத்தவனின் இதயத்தைத் தராசில் வைத்து இறகோடு எடை போடும் எகிப்து நரித்தலையன். வாரா வாரம் ஒரு நாடு.

முதல் மாதம் எந்த நாட்டுச் சாமியை வரையச் சொன்னாலும் பிள்ளைகள் காலண்டர் சாமியாகத்தான் வரைந்தார்கள். எல்லாம் நேராகப் பார்த்தன. நரித்தலையன்கூடத் தராசைக் கவனிக்காமல், கண்ணை அகல விரித்து, ஒரு கையால் ஆசி வழங்கிக்கொண்டிருந்தான். ஜெபிஷா சிரித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "உங்க அம்மா தோசை சுடும்போது எங்க பாப்பாங்க?"

"கல்ல, மிஸ்."

"அப்ப இவரு எங்க பாக்கணும்?"

அன்றிலிருந்து அவள் வகுப்பில் யாரும் சும்மா நிற்கமாட்டார்கள். வேலை செய்கிறவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். பக்கவாட்டு முகம், குனிந்த முதுகு, தூக்கிய கை என்று ஆறேழு வயதுப் பிள்ளைகள் வரையக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தாள்களைக் கடையில் கூட வேலை செய்பவர்களிடம் காட்டாமல் ஜெபிஷாவால் இருக்கமுடியாது.

டிசம்பர் வெள்ளம் காலனிக்குள் இடுப்பளவு நின்று வடிந்தது. அதற்குப் பிறகு வந்த முதல் வகுப்பில் அவள் சொன்னது சீனத்துக் கதை. வானத்தில் ஓட்டை விழுந்து மழை நிற்காமல் கொட்டுகிறது. இடுப்புக்குக் கீழே பாம்பாக இருக்கும் நூவா என்ற தேவி ஐந்து நிறக் கற்களை உருக்கி அந்த ஓட்டையை அடைக்கிறாள். கதை முடிந்தது. உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குடியரசு தினத்துக்கு இதைப் பின்சுவரில் வரையலாமா என்று ஜெபிஷா கேட்டபோது அருள்தாஸ் உடனே சரி என்றார். அவர் பேரன் இவானும் அந்த வகுப்பில்தான் படிக்கிறான்.

பிள்ளைகள் சுவரில் வரைந்தபோது, ஓட்டையை அடைக்கும் கற்களுக்கு நடுவே காவ்யா என்ற சிறுமி ஒரு பேனர் துண்டையும் வரைந்தாள். அதில் யாரோ ஒருவரின் பாதி மீசையும் கும்பிடும் கையும் தெரிந்தன.

"கதையில பேனர் இல்லையே, காவ்யா?"

"கூரை ஷீட்டு ஒழுகுனா எங்க நைனா அதத்தான் மேல போடுவாரு. கல்லு வச்சா நிக்காது மிஸ்."

பேனர் அப்படியே இருந்தது. சனிக்கிழமை மாலை பிள்ளைகள் போன பிறகு முகத்தை மட்டும் ஜெபிஷா தன் கையால் முடித்தாள். பெரிய கண், மெல்லிய சிரிப்பு. நன்றாக வந்தது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

இப்போது அதே முகத்தில் குங்குமம்.

"யாரு வச்சது?" என்றாள்.

"வேற யாரு, வேம்புலியம்மா. நாகாத்தம்மன் வந்துக்கீதுன்னு காலங்காத்தால தெருவ எழுப்பிட்டா." அருள்தாஸ் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு அவ மேல கோவம் இல்லம்மா. முனையில ஒண்ணுக்குப் போறானுங்கன்னு ஒரு சாமி டைல்ஸ் ஒட்டுனோம், ஞாபகம் கீதா? இப்ப அங்க உண்டியல் கீது. இங்க இது வந்துச்சுன்னா எங்காளுங்க பக்கத்துல மாதா கெபி கட்டணும்னு கேப்பாங்க. சங்கம் ரெண்டாப் பூடும். பசங்க கிளாஸும் பூடும்."

"நான் எல்லார்கிட்டயும் பேசிப் பாக்கறேன் அங்கிள்."

"சாமி கண்ணத் தொறந்து பாக்கறப்ப உன் பேச்ச யாரும்மா கேப்பாங்க? வியாழக்கெழமைக்குள்ள வெள்ளையடிச்சிரு."

ஜெபிஷா வேம்புலியம்மாளிடம் பேசத்தான் செய்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை பார்க்கும் அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சீனாவோ ஜப்பானோ, பாம்பு பாம்புதானே கண்ணு? என்னைப் பாத்து சிரிக்கிறா. நான் சொம்மா போவ முடியுமா?" மறுநாளும் பால் வைத்தார்.

புதன்கிழமை மாலை ஜெபிஷா வெள்ளைப் பெயிண்ட் வாளியோடு பின்சுவருக்கு வந்தாள். செய்தி எப்படியோ பரவி பிள்ளைகள் முன்பே நின்றிருந்தார்கள். இவான் அழுது முடித்திருந்தான். அவள் தூரிகையை நனைத்தபோது காவ்யா மட்டும் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இவங்க ஏன் நம்மளப் பாக்கறாங்க?"

"என்னடா?"

"வானம் ஓட்டையா கீது. மழ கொட்டுது. இவங்க இன்னான்னா போட்டோக்கு நிக்கிறாங்க. நீங்கதானே மிஸ் சொன்னீங்க, வேல செய்யறவங்க வேலயத்தான் பாக்கணும்னு?"

ஜெபிஷா சுவரைப் பார்த்தாள். அது பேனர் முகம். தினமும் கடையில் அவள் வெட்டி ஒட்டுகிற முகம், தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நேராகப் பார்த்துச் சிரிக்கிற முகம். வகுப்பில் சொன்னதைச் சுவரில் மறந்தது அவள்தான். ஏழு வயதுப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வெட்கம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குப் பெருமைதான் வந்தது. இந்தக் கண்ணுக்காகத்தானே இத்தனை சனிக்கிழமை!

"கறுப்ப எடு," என்றாள்.

சிரித்த முகத்தின் மேல் வெள்ளை ஏறியது. காய்ந்ததும் அதன் மேல் கறுப்பு. ஸ்டூல் மேல் நின்று காவ்யா பின்னந்தலையை வரைந்தாள். கொண்டை அவள் அம்மா வேலைக்குப் போகும்போது போடுகிற கொண்டை. இவான் முதுகில் வியர்வைக் கோடுகள் இழுத்தான். ஜெபிஷா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள், தூரிகையைத் தொடவில்லை. இருட்டும்போது நூவா தெருவுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் தூக்கி, ஓட்டையில் பேனரை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

வியாழன் காலை வேம்புலியம்மாள் பால் கிண்ணத்தோடு வந்தார். வெள்ளையடித்தாகிவிட்டதா என்று பார்க்க அருள்தாஸும் வந்திருந்தார். ஸ்கூல் பையோடு நின்ற காவ்யாவைப் பார்த்து வேம்புலியம்மாள் அதட்டினார்.

"இன்னாடி இது, மூஞ்சக் காணோம்?"

"வேலையா கீறாங்க பெரிம்மா."

"முதுகக் காட்டினு நின்னா நான் எங்கடி பொட்டு வைக்கிறது?"

"வைக்காதீங்க. கூப்ட்டா திரும்புவாங்க, அப்புறம் ஓட்டையில தண்ணி வந்துடும்."

வேம்புலியம்மாள் அண்ணாந்து பார்த்தார். பேனரில் இருந்த பாதி மீசையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அய்ய, இந்தாளு இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆவுறான்," என்றார். பிறகு கிண்ணத்தைக் காவ்யாவிடம் நீட்டினார். "நீ குடி. இத முடிச்சிட்டு அவள எங்க ஊட்டுக்கும் வரச்சொல்லு, சமையக்கட்டு மேல ஒழுவுது." செங்கல்லைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு வேலைக்குப் போனார்.

காவ்யா பாலைக் குடித்து முடிக்கும்வரை அருள்தாஸ் அங்கேயே நின்றார். "யாரு சொல்லிக் குடுத்தது இத?" என்று கேட்டார்.

"மிஸ்தான் தப்பா வரைஞ்சாங்க தாத்தா. நான் திருத்துனேன்."

வெள்ளிக்கிழமை கொடியேற்றத்தின்போது பின்சுவரில் குங்குமமோ கற்பூரமோ இல்லை. சனிக்கிழமை வகுப்பு வழக்கம்போல நடந்தது. வாளியில் மீதியிருந்த வெள்ளைப் பெயிண்ட்டைச் சங்கத்தின் கழிவறைச் சுவருக்கு அடித்தார்கள்.