தாய்மாமன் கை வைக்காத இலை

இந்தக் காலத்து ஜனங்கள் வீட்டை அலங்கரிப்பது வருகிறவனுக்காக இல்லை, போட்டோவுக்காக. வெண்கல உருளி வாங்குவார்கள். அதில் பாயசம் கிண்ட மாட்டார்கள், தண்ணீரை ஊற்றிச் செவ்வந்தியை மிதக்க விடுவார்கள். முறத்துக்கு வர்ணம் அடித்து ஆணியில் தொங்கவிடுவார்கள். கேட்டால், பழைய காலத்து உபசாரமாம். வந்தவனை ‘வா’ என்று சொல்லத்தான் வீட்டில் ஒருத்தருக்கும் வாய் வராது.

இப்படி முனகிக்கொண்டேதான் வன்னியபெருமாள் கரமனையில் தங்கச்சி பார்வதியம்மாள் வீட்டுப் படி ஏறினார். தங்கச்சி மகள் சுஜாவுக்கு அன்று நிச்சயம். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து தோள் காய்த்துப் போன மனுஷன். படிப்பு கொஞ்சம்; மறதி அதைவிடக் கொஞ்சம்.

போன சித்திரையில் இந்தப் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வந்திருந்தார். கூடம் நிறைய சுஜாவின் ஆபீஸ் ஆட்கள். பார்வதி அவருடைய சாயம் போன சட்டையைப் பார்த்தாள், வரிசையாகப் போட்டிருந்த பலகைகளைப் பார்த்தாள். “அண்ணே, அவுங்க போட்டோ எடுக்காங்க. நீ ஒர்க் ஏரியால இருந்து சாப்பிட்டிரு, என்னா?” என்றாள்.

அடுக்களைக்குப் பின்னால் கம்பி அடித்த இடம் அது. கேஸ் குற்றி என்கிற சிலிண்டருக்கும் துணி துவைக்கும் மிஷினுக்கும் நடுவில் உட்கார்ந்து ஸ்டீல் தட்டில் சாப்பிட்டார். கை கழுவ வந்த ஒரு மலையாளிப் பையன் வேலைக்காரன் என்று நினைத்து, “சேட்டா, இதும் கூடி கழுகியேக்கணே” என்று எச்சில் பாத்திரத்தை நீட்டினான். அடுக்களை வாசலில் நின்று பார்வதி அதைப் பார்த்தாள். ‘இது எனக்க அண்ணன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அவர் வாங்கிக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இப்போது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தாய்மாமன் வேண்டுமாம். முதல் இலை அவருக்கு. அவர் கை வைக்காமல் பந்தியில் யாரும் தொட மாட்டார்கள். சாப்பாடு முடிந்துதான் தாம்பூலம் மாற்றுவது. பார்வதி வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து அழைத்தபோது அவர் உடனே சம்மதித்தார். இலையைத் தொடாமல் எழுந்து வருவது என்று அப்போதே தீர்மானித்தாயிற்று.

கூடத்தில் இலை விழுந்தது. பருப்பு, அவியல், எரிசேரி, போளி எல்லாம் வந்தன. வன்னியபெருமாள் இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தி முழுக்க அவர் கையையே பார்த்தது. பப்படம் நமத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா பிச்சைக்கனி. நாகர்கோவில்காரர். “என்ன அண்ணாச்சி, கை வையும்” என்றார்.

“எடம் மாறி இருந்துட்டேன். அதான் யோசிக்கேன்.”

“தாய்மாமனுக்கு இதுதானவே எடம்?”

“அது ஒம்ம ஊர்ல. இந்த வீட்ல எனக்கு எடம் அடுக்களைக்குப் பொறத்த. அங்க இருந்துதான் தின்னேன். வந்தவன் எச்சிப் பாத்திரமும் கழுவினேன். எந்தங்கச்சி நிக்கா, கேளும்.”

பார்வதி குனிந்து அவர் காதருகில், “அண்ணே, பிள்ளைக்க காரியம்” என்றாள்.

“பிள்ளைய நான் ஒண்ணும் சொல்லல்ல. எலைய அங்க கொண்டு போடு.” எழுந்து நடந்தார்.

அப்படியே வாசல் வழியாகப் போயிருப்பார். ஆனால் பின்னால் பிச்சைக்கனியின் குரல் கேட்டது. “தாய்மாமன் எங்கயோ அங்கதான் முதல் பந்தி. எந்திரிங்கடே.” மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் எழுந்தார்கள். அடுக்களைக்குப் பின்னால் போய்க் கேஸ் குற்றியை ஒதுக்கி, வாளியை நகர்த்தி, சிமெண்ட் தரையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் விட்ட இடத்தில் அவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார். கூடத்தில் உருளியும் பூவும் காமிராக்காரனும் மட்டும் மிச்சம்.

“காத்து நல்லா வருதுல்லா” என்றார் பிச்சைக்கனி. யாரோ சிரித்தார்கள்.

பார்வதி அவருக்குப் புது இலை போட்டுப் பருப்பு விட்டாள். “இது எனக்க கூடப்பிறந்த அண்ணன். அன்னைக்கு நான் சொல்லாம நின்னுட்டேன். தப்பு எனக்கதுதான்.”

வன்னியபெருமாள் தலை தூக்கவில்லை. “கடைசில இருக்கவங்களுக்குக் கேக்கல்ல. இன்னொரு மட்டம் சொல்லு.”

அடுக்களை வாசலில் பட்டுச்சேலையோடு நின்ற சுஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்வதி மறுபடியும் சொன்னாள், உரக்க.

அதன் பிறகுதான் அவர் சோற்றில் கை வைத்தார். பந்தி தொடங்கியது. உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னார்.

தாம்பூலம் மாற்றி முடிந்து அவர் கிளம்பியபோது பார்வதி கேட் வரைக்கும் ஓடி வந்தாள். “மனசுல ஒண்ணும் வைக்காத அண்ணே. நான் மனசாரத்தான் சொன்னேன்.”

“மாப்பிள்ள வீட்டுக்காரங்க இல்லன்னா சொல்லிருப்பியாட்டி?”

அவள் வாயைத் திறந்தாள். என்ன வரும் என்று நிற்க அவருக்கு விருப்பமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிள்ளிப்பாலம் பக்கம் நடந்தார். பின்னால் அவள் என்னவோ சொல்வது கேட்டது. சொல்லட்டும். அவர் ஒரு சொல்லையும் நம்பவில்லை.