வெர்னா ஓப்டால் வரைந்த மரங்கள்

1979 பிப்ரவரி கடைசி வாரத்தில் வெர்னா ஓப்டாலின் முன்னறையில் ஆறடி உயர வாழை ஒன்று முளைத்தது. அவள் அதை நடவில்லை. முந்தைய நாள் பென்சிலால் வரைந்திருந்தாள், அவ்வளவுதான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. மின்னசோட்டாவின் எல்ம் போர்டேஜ் ஊரில் அந்த மாதத்தில் பச்சை நிறம் தெரிவது இரண்டே இடங்களில்: போக்குவரத்து விளக்கிலும், கண்ணாடிக் கூரைக்குள் வெப்பநாட்டு மரங்களை வளர்க்கும் ஊர்க் கண்ணாடித் தோட்டத்திலும். வெர்னா மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுபவள். நான்கு மாதம் வெள்ளையையே பார்த்துச் சலித்த பிறகு, குளிர்காலம் முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் தோட்டத்துக்குப் போவாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவி விலகும்வரை நின்று, தன் ஜன்னலோரம் எதை வளர்க்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் குறிப்பேட்டில் வரைவாள். மற்றவர்கள் அப்படிக் கிடைத்த யோசனையோடு செடிக் கடைக்குப் போவார்கள். வெர்னாவுக்குக் கடை தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு மரப்பெரணி வந்தது. அதற்கடுத்த ஆண்டு வனிலாக் கொடி திரைச்சீலைக் கம்பியில் ஏறிப் பூத்தது. அவள் வீட்டுக் கூரையில் பனி தங்குவதில்லை. அக்கம்பக்கத்தார் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட பண்டம் நிறைந்த தட்டுகளோடு வந்து, வாழையை அண்ணாந்து பார்த்து, "இது கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டுக் கணப்பு நன்றாக வேலை செய்கிறதா என்று விசாரித்தார்கள். தான் தள்ளிய பனியின் ஓரம் கோடு போட்டதுபோல் இருக்கும் என்பதைத் தவிர வேறெதற்கும் பெருமைப்பட்டிராத வெர்னா, இப்போது முன் ஜன்னல் திரையைப் பகலெல்லாம் திறந்தே வைத்தாள்.

செய்தி கண்ணாடித் தோட்டத்தின் காப்பாளர் லியோனார்ட் சோப்சாக்கின் காதுக்குப் போனது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு இலையைக்கூட யாருக்கும் கிள்ளிக் கொடுக்காதவர். 1982 பிப்ரவரியில் வெர்னா தோட்ட வாசல் கொக்கியில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"குளிர் பரவாயில்ல இன்னைக்கு."

"இதைவிட மோசமாவும் இருந்திருக்கு."

"உங்க வீட்ல வாழை நல்லா வருதாமே."

"ஏதோ வருது."

"எங்க வாழைக்குப் பக்கத்துல ஒரு கன்னு இருந்துச்சு. காணோம்."

அந்த ஊரில் இது கன்னத்தில் அறைவதற்குச் சமம். வெர்னா மாட்டிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியேறினாள். நேரடியாகக் கேட்கப்படாத குற்றச்சாட்டை மறுப்பது அங்கே மரியாதை இல்லை. எனவே அவள் மறுக்கவில்லை. மறுக்காததால் திருடி என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தட்டுகள் வருவது நின்றது. இரண்டு குளிர்காலங்கள் அவள் கண்ணாடித் தோட்டப் பக்கமே போகவில்லை. முன் ஜன்னல் திரை மூடியே கிடந்தது.

1985இல் நாத்தனார் மார்லிஸ் பொறுமை இழந்தாள். "நீ திருடுனியா இல்லியா?"

"இல்ல."

"அதை அந்த ஆளு மூஞ்சிக்கு நேராச் சொல்லேன்!"

"அவர்தான் கேக்கவே இல்லையே."

"அய்யோ, வாயில என்ன ஐஸ்கட்டியா வச்சிருக்க? கிளம்புடி, நானும் வரேன்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு, மடியில் கோட்டோடு பெஞ்சுகளில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பாதி ஊரின் முன்னால், வெர்னா குறிப்பேட்டை லியோனார்டிடம் நீட்டினாள். "நீங்களே ஒரு மரத்தைச் சொல்லுங்க. பக்கத்துலயே நில்லுங்க. என் கை ரெண்டையும் பாத்துக்கிட்டே இருங்க." அவர் கோகோ மரத்தைக் காட்டினார். பதினாறு காய்கள், ஒன்றில் அணில் கடித்த தழும்பு. வெர்னா ஒன்றரை மணி நேரம் வரைந்தாள். பிறகு அவரைப் பனி தள்ளும் லாரியிலேயே ஏற்றி வீட்டுக்கு அழைத்துப் போனாள். காபி வேண்டுமா என்றாள். அந்த ஊர் முறைப்படி இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டார். இரண்டாவது கோப்பை ஆறுவதற்குள் தரைப்பலகை இரண்டு மெல்ல விலகி, சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் கோகோ மரம் எழுந்து நின்றது. லியோனார்ட் காய்களை எண்ணினார். பதினாறு. அணில் தழும்பு அதே காயில், அதே பக்கம். கண்ணாடித் தோட்டத்துக்குப் போன் போட்டார். அங்கே மரம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

அவர் போனை வைத்துவிட்டுக் காய்களை இன்னொரு தரம் எண்ணினார். பிறகு, "பரவாயில்லயே" என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மார்லிஸ் அன்று மாலைக்குள் அதைப் பதினொரு வீடுகளுக்குச் சொல்லிவிட்டாள்.

மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை லியோனார்ட் உலோகப் பெயர்த் தகடுகளோடு வந்து, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒன்றைக் குத்திவைத்தார். கண்ணாடித் தோட்டத்துத் தகடுகளில் தாயகம் என்ற இடத்தில் பிரேசில், ஜாவா என்று இருக்கும். இவற்றில் 'வெர்னா ஓப்டால், பென்சில்' என்று பொறித்திருந்தார். குளிர்காலக் கடைசியில் இப்போது பள்ளிப் பேருந்துகள் அவள் வீட்டு முன்னாலும் நிற்கின்றன. வெர்னா வாசலில் நிமிர்ந்து நின்று, பனிக் காலணிகளைக் கழற்றச் சொல்கிறாள். வருகிறவர்கள் தகட்டைப் படிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள்.