நாலாவது கல்லறை

கிரையத்தன்று காலையில் வீட்டை ஒருமுறை கடைசியாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடப் போவார்கள். ஹெஸ்டரும் வூட்டரும் எட்டரை மணிக்கே தெற்குப் பிரான்சில் செவென் மலைமேல் இருந்த அந்தக் கல்வீட்டு வாசலில் நின்றார்கள்.

நெதர்லாந்தில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள் ஹெஸ்டர். அவள் கணவன் வூட்டருக்கு அந்தப் பாஷை அரைகுறை. வீட்டு ஆசை மட்டும் முழுசு. ஏப்ரலில் முன் ஒப்பந்தம் எழுதிப் பத்தில் ஒரு பங்கு முன்பணம் கட்டியாயிற்று. மனம் மாறினால் விலகிக்கொள்ளச் சட்டம் தரும் பத்து நாளும் கழிந்தது. அதன்பின் மூன்று மாதம், கிரையப் பத்திரம் எழுதிப் பதியும் நோட்டரி வில்லங்கம் பார்த்தார்.

வீட்டுக்காரர் ஈசாக் மசோரன், எழுபத்து நாலு வயது, ஒண்டிக்கட்டை. தோட்டத்து சைப்ரஸ் மரங்களுக்குக் கீழே அவருடைய தாத்தா, அப்பா, அம்மா மூவரின் கல்லறைகள் இருந்தன. புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் செத்தவர்களைச் சொந்த நிலத்திலேயே புதைத்த மலை அது. அதைப் பற்றி ஹெஸ்டருக்குப் பயமில்லை.

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகக் கஷ்கொட்டை காயவைக்கும் குடிசைக்குப் பின்னால் போனாள். போன தடவைகளில் அங்கே முள் மண்டிக் கிடந்தது. இப்போது வெட்டிச் சுத்தமாக்கியிருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு மண் உள்வாங்கியிருந்தது. சுற்றிலும் கல் பதித்திருந்தது. கல்லில் பாசி ஏறியிருந்தது.

"இது என்னங்க?"

"நாய்," என்றார் ஈசாக். "ரொம்ப வருஷம் ஆச்சு. வாங்க, நேரமாகுது."

பதினோரு மணிக்கு நோட்டரி திருமதி விதாலங் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தார். எல்லைகள், தண்ணீர்ப் பாதை, கறையான் சோதனை. வூட்டர் கொட்டாவியை மென்று விழுங்கினான்.

"நிலத்தில் உள்ள நான்கு கல்லறைகளுக்கும் வந்து போகும் உரிமை விற்பவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் உண்டு."

"மூணுதானே இருக்கு?" என்றாள் ஹெஸ்டர்.

நோட்டரி கோப்பைப் புரட்டினார். "போன வாரம் இவரே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கார். நாலுன்னுதான் இருக்கு."

"நாலாவது எனக்கு," என்றார் ஈசாக். குரலில் அசைவில்லை.

"இனிமே வரப்போறதை இப்படி எழுத முடியாதுங்களே. அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். சரி, அதை அப்புறம் பார்ப்போம்." நோட்டரி அடுத்த பக்கத்துக்குப் போனார். வீட்டில் பாதி ஈசாக்கின் தம்பி சாமுவேலுக்குரியது. இரண்டாயிரத்து ஒன்றில் காணாமல் போனவர். கனடா போய்விட்டதாகப் பேச்சு. திரும்பாததால் கோர்ட்டு அவரை இல்லாதவராக அறிவித்துவிட்டது. அவர் பங்கும் அண்ணனுக்கே வந்தது.

ஹெஸ்டர் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"அந்த நாய்க்கு என்ன பேரு?"

ஈசாக் வாயைத் திறந்தார். ஒரு பேரும் வரவில்லை. ஒரு நாய்க்குப் பேர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அறையில் இருந்த நால்வரும் அந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நாய், என்ன ஆச்சு?" என்று வூட்டர் டச்சில் கிசுகிசுத்தான். "கையெழுத்துப் போடு. போடலைன்னா முன்பணம் போயிடும்."

"போனா போகட்டும்."

நோட்டரி அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஈசாக்கையே பார்த்துக்கொண்டு கோப்பை மெல்ல மூடினார்.

அப்போதுதான் கிழவர் பேசினார். "எழுதி வைக்கலைன்னா, நாளைக்கு இவங்க அங்க நீச்சல் குளம் தோண்டுவாங்க. நான் வந்து பார்க்கக்கூட முடியாது. அவனுக்கு வேற யாரு இருக்கா?"

சாயங்காலமே காவலர்கள் மலையேறினார்கள். மறுநாள் சாமுவேல் கிடைத்தான். வீட்டை விற்றே தீருவேன் என்று அவன் நின்றானாம். விற்க விடமாட்டேன் என்று இவர் நின்றாராம். தோட்டத்து உயரமான சுவரிலிருந்து தவறி விழுந்தான் என்பது ஈசாக்கின் வாக்குமூலம். மண்டையின் பின்பக்கம் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது என்று நோட்டரி பிறகு தொலைபேசியில் சொன்னார். முன்பணமும் திரும்ப வந்தது.

பிப்ரவரியில் ஈசாக்கின் வக்கீலிடமிருந்து ஹெஸ்டருக்கு ஒரு கடிதம் வந்தது. வழக்கு முடிந்ததும் வீட்டை அவளுக்கே விற்க நினைக்கிறாராம், வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லையாம். கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதானாம். தம்பியை அதே இடத்தில் திரும்பப் புதைக்க அனுமதி கேட்டிருக்கிறாராம். வந்து போகும் உரிமையை மட்டும் நாலு என்றே எழுத வேண்டுமாம்.

ஹெஸ்டர் அதை வூட்டருக்கு டச்சில் படித்துக் காட்டினாள். அவன் கடிதத்தை வாங்கி, எண்கள் இருந்த இடத்தை விரலால் தடவினான்.

"விலையைக் குறைச்சிருக்கார், கவனிச்சியா?" என்றான்.

முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவனின் முகத்தை ஹெஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.