இரவல் போன டிரைவர்

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எந்தக் குழாய்க்காரனையும் நம்ப மாட்டார். முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்தே ஓட்டிய ஆள், யாரை நம்புவார்? குளியலறைச் சுவர் ஒழுகியதும் தானே உளியைத் தூக்கினார். வீடு பாறையை ஒட்டிக் கட்டியது. நாலு ஓடு பெயர்ந்தது, காரை உதிர்ந்தது, பின்னால் பாறையில் ஒரு பெண், செக்கச்செவேலென்று, தோளில் மானோடு நின்றாள்.

"நான் ஒண்ணும் பார்க்கலம்மா" என்று அவளிடமே சொல்லிக் கதவைச் சாத்தினார்.

எப்படித்தான் மோப்பம் பிடித்ததோ, நாலு நாளில் தொல்பொருள் துறை வந்துவிட்டது. ஓர் அதிகாரியம்மாள், கூடவே கையில் கடிகாரமும் மடியில் பேரேடுமாக ஒருவர். ஒரு வாரம் அளந்தார்கள். பிறகு அதிகாரியம்மாள் சொன்னார்:

"மூவாயிரம் வருஷத்து ஓவியம் ஐயா. பாறையில மத்ததெல்லாம் உதிர்ந்துடுச்சு, இது மட்டும் புதுசாட்டம் இருக்கு. தினமும் ஆறரைக்கு இங்க ஈரம் ஏறுது. அப்போ என்ன நடக்குது?"

"நான் குளிக்கிறேன்."

"வெந்நீரா?"

"பின்னே, பன்னீரா?"

"அந்த ஆவிதான் காப்பாத்தியிருக்கு. ஒருநாள் நின்னாலும் சாயம் உதிரும். நீங்க விடாம குளிக்கணும்."

"ஏம்மா, மூவாயிரம் வருஷமா நானா குளிச்சேன்?"

"உங்களுக்கு முன்னாடி யார் குளிச்சாங்கன்னு ஆராய்ச்சி போய்க்கிட்டிருக்கு."

கடிகாரக்காரர் பேரேட்டில் எழுதினார். ஒன்று, பாறை. இரண்டு, காரை. மூன்று, ஓவியம். நான்கு, வெந்நீரில் குளிப்பவர், ஆண், ஒரு உருப்படி.

இந்த நேரம் பார்த்து வெளியூரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் போயிருந்த மனைவி போனில் பொரிந்து தள்ளினாள்.

"என்னங்க, பேத்தி பொறந்து ஒன்பது நாளாச்சு. ஊரே வந்து பார்த்துட்டுப் போயாச்சு. உங்களுக்குக் குளிச்சு முடியலையா?"

"எனக்கென்னடி வேண்டுதலா? கதவுக்கு வெளியே ஒருத்தன் கடிகாரத்தோட உக்காந்திருக்கான்!"

அதிகாரியம்மாளிடம் போய் நின்றார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பொருளுக்கு லீவு கிடையாது ஐயா."

"நான் பொருளா?"

"பதிஞ்சாச்சே."

"அடிச்சுடுங்க."

"ஒரே பக்கம் ஐயா. உங்களை அடிச்சா ஓவியத்தையும் அடிக்கணும்."

டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. பேத்தி நடக்கப் பழகுவதற்குள்ளாவது பார்க்க முடியுமா? கடிகாரக்காரர் தொண்டையைச் செருமினார்.

"லீவுதான் கிடையாது மேடம். கண்காட்சிக்கு இரவல் கொடுக்கலாமே?"

கொடுக்கலாம் என்றது சட்டம். மகள் கடிதம் எழுதினாள்: நான்காம் எண் பொருள், பதினைந்து நாளுக்கு, பார்வைக்கு. இரவல் போன பொருளின் இடத்தில் சமமான பொருள் வைக்க வேண்டுமாம். அதனால் துணை அதிகாரி துண்டோடு வந்து இறங்கினார். புறப்படுமுன் கடிகாரக்காரர் டிரைவரைச் சுற்றிச் சுற்றி வந்து நிலவர அறிக்கை எழுதினார்.

"வலது முழங்கால் தேய்மானம். மேல்வரிசையில ரெண்டு பல் காணோம். மீசைக் கறுப்பு, பிற்காலச் சாயம்."

"யோவ்!"

"இல்லையா?"

டிரைவர் மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

பஸ்ஸில் காவலுக்குக் கடிகாரக்காரரே கூட வந்தார். கம்பளி சுற்றி, நிமிர்த்தியே உட்கார வைத்தார். அசந்து தலை சாய்ந்தபோதெல்லாம் தாங்கி நிறுத்தினார். ஒரு தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள். அதுதான் டிரைவருக்கு எரிச்சல்.

வாசலில் மகள் குழந்தையோடு ஓடி வந்தாள். "அப்பா!"

கடிகாரக்காரர் குறுக்கே பாய்ந்தார். "வெறும் கையால தொடக்கூடாது!"

"யாருப்பா இந்த ஆளு?" என்றாள் மகள். மனைவி இடுப்பில் கையை வைத்தாள். நல்லதுக்கில்லை என்று டிரைவருக்குத் தெரியும்.

கடிகாரக்காரர் அதற்குள் குனிந்து குழந்தையைப் பார்த்தார். முகத்தைப் பிராண்டிக்கொள்ளாமலிருக்க அதற்கு இரண்டு கையிலும் வெள்ளை உறை மாட்டியிருந்தார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"பருத்தி. சுத்தமா இருக்கு. இந்தக் குட்டியம்மா மட்டும் தொடலாம். மத்தவங்க தள்ளி நில்லுங்க."

தொட்டில் துணியோடு குழந்தையை நீட்டினாள் மகள். பேத்தி உறை போட்ட இரண்டு கையாலும் தாத்தாவின் மீசையை இடுக்கி, தன் பக்கம் இழுத்தாள். கடிகாரக்காரர் பதறிப்போய் அறிக்கையைத் தேடினார்.

"சேதம்னு எழுதிக்கய்யா" என்றார் டிரைவர், இன்னும் கொஞ்சம் குனிந்துகொடுத்து.