பத்துக்குப் பத்து வாங்கிய அக்கா

எய்ட்ஸ் பரீட்சையில் எதிர்த் தெருச் சங்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கிவிட்டது என்று காதில் விழுந்த அன்று, தலைவர் ஊ கிம் சுவானுக்குப் பகல் சாப்பாடு இறங்கவில்லை.

உண்மையில் அது பரீட்சையே அல்ல. யாங்கோன் சீனர்களுக்கு அந்த நோயைப் பற்றி என்ன தெரியும், அது வந்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஒரு தொண்டு நிறுவனம் பத்துக் கேள்விகளை அச்சடித்து, சீனர் பேட்டையான லாத்தாவிலுள்ள குலச் சங்கங்களுக்கு அனுப்பியிருந்தது. பெயர் எழுத வேண்டாம், மனதில் பட்டதைக் குறிக்கவும் என்று தாளின் தலையிலேயே போட்டிருந்தது. ஊ கிம் சுவான் அந்த வரியைப் படித்தார். ஒரே குடும்பப் பெயர் கொண்ட முந்நூறு பேரின் மானம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மனதில் பட்டதை எழுத விடுவதாவது. மூன்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்.

முன்னோர் பலகைகளுக்கு முன்னால் நாற்காலிகள் போடப்பட்டன. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பாடம் நடத்தினார்.

“கொசு கடிச்சா?”

“பரவாது.”

“ஒரே தட்டுல சாப்பிட்டா?”

“பரவாது.”

“அப்ப எதுல பரவும்?”

“ரத்தம், ஊசி, தாய்ப்பால்.”

“நாலாவது?”

பெண்கள் இருந்த சபை. “நாலாவது உங்களுக்கே தெரியும்,” என்று வாத்தியாரே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தாளில் பெயரையும் எழுத வைத்துத் திருத்தியதில், சராசரி தொண்ணூற்றேழு வந்தது. சங்கத்தின் கதவில் பெயரும் மதிப்பெண்ணுமாகப் பட்டியல் ஒட்டினார்கள். முழு மதிப்பெண் வாங்கிய பலரில் வயதில் மூத்தவள் என்பதால் முதல் பெயர் டோ சியூ லானுடையது. ஆண்களுக்கு ஊ என்பதுபோல், டோ என்பது மூத்த பெண்களுக்கான பர்மிய மரியாதை. அறுபத்து நான்கு வயது. உலர்ந்த காளான் விற்கும் கடை. பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் எதிலும் தேறியதில்லை. ஆகவே கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றாள்.

கேள்வித்தாள்களை வாங்கிப்போக வந்த சமீனாவும் அந்தப் பட்டியலைப் பார்த்தாள். முஸ்லிம் பெண், பக்கத்து லான்மடாவில் வீடு, அந்தத் தொண்டு நிறுவனத்தில் வேலை. அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேலாளர் கணேஷ்குமாரிடம் போனாள்.

“அண்ணே, இது செல்லாது. பாடம் சொல்லிக் குடுத்து எழுத வெச்சிருக்காங்க.”

“கத்துக்கிட்டாங்கள்ல? அதுக்குத்தானே நாம இருக்கோம்.”

“கத்துக்கல அண்ணே. மனப்பாடம் பண்ணிருக்காங்க.”

“நீயும் நானும் பத்தாவது எப்படிப் பாஸ் பண்ணோம்? மேல அனுப்பிடு சமீனா. சங்கத்துல விருந்து வெச்சு நமக்கும் ஒரு கேடயம் தர்றாங்களாம்.”

சமீனா அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் மருந்தகத்தில் உட்காருவாள். எச்ஐவி இருப்பவர்களுக்கு மாதாந்திர மாத்திரை கொடுக்கும் இடம். ஆறு வருடமாக அங்கே வருகிறவன் ஹொக் லியன், டோ சியூ லானின் தம்பி. நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏழு வயதில் தாயை இழந்தவனை வளர்த்தவள் அக்கா. மாத்திரையை வைட்டமின் சீசாவில் போட்டு வைத்து, தினமும் ஒன்று அவள் கண் முன்னாலேயே விழுங்கினான். அவன் ரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கியிருந்தது. அடங்காமல் இருந்தது அக்காவிடம் சொன்ன அந்த வைட்டமின் பொய் ஒன்றுதான்.

“சயாமா, அக்கா பத்துக்குப் பத்து,” என்றான் அந்தச் செவ்வாய். சயாமா என்பது டீச்சர்களுக்கும் அவளைப் போன்றவர்களுக்குமான மரியாதை. “இத்தனை நாள் நான்தான் அவளைத் தப்பா நெனச்சுட்டேன். விருந்து முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் சொல்லிடப் போறேன்.”

“கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்லலாமே, அக்கோ,” என்றாள் சமீனா. பர்மியத்தில் அக்கோ என்றால் அண்ணன்.

“ஏன்?”

அந்தப் பட்டியல் பொய் என்று சொல்ல வேண்டும். அதைத் தன் கையாலேயே மேலே அனுப்பியதையும் சொல்ல வேண்டும். “சும்மாதான்,” என்றாள் சமீனா.

விருந்து ஞாயிறு பகலில். மேசைக்குப் பத்துப் பேர். சமீனாவை விருந்தாளி என்று ஹொக் லியனின் மேசையில் உட்கார வைத்தார்கள். ஊ கிம் சுவான் கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். கரண்ட் போய் ஒலிபெருக்கி நின்றது, அவர் நிற்கவில்லை.

“சிலர் இந்த நோயாளிகளை ஒதுக்குகிறார்கள். எந்தத் தெருவில் என்று நான் சொல்ல மாட்டேன். நம் குலத்தில் அப்படி யாரும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் இருந்தால், இதே கூடத்தில், நம் நடுவில் உட்கார வைத்துச் சாப்பிடுவோம்.”

கைத்தட்டல் அடங்குவதற்குள் ஹொக் லியன் எழுந்து நின்றான். வீட்டில் சொல்ல வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

“எனக்கு இருக்கு தலைவரே. ஆறு வருஷமா. மாத்திரை சாப்பிடறேன், நல்லா இருக்கேன்.”

ஊ கிம் சுவானின் பேச்சுத் தாளில் இதற்கு அடுத்த வரி இல்லை. “நல்லது, நல்லது,” என்றார். பிறகு, “மீனைக் கொண்டு வாங்க.”

முழு மீன் வந்தது. தலையை மேசையின் மூத்தவர் பக்கம் திருப்பி வைப்பார்கள். இளையவர் ஒருவர் அதன் கன்னத்துச் சதையைக் குச்சியால் எடுத்து மூத்தவரின் கிண்ணத்தில் வைப்பார். அந்த மேசையில் மூத்தவள் சியூ லான். ஹொக் லியன் எடுத்து வைத்தான்.

அதன் பிறகு அந்த மீனை யாரும் தொடவில்லை. தொடாததற்கு எல்லோருக்கும் காரணம் இருந்தது. கணக்கு வாத்தியாருக்குத் திடீரென்று யூரிக் அமிலம் ஏறிவிட்டது. ஒருவருக்கு முள் பயம். பக்கத்து நாற்காலிக்காரர் கோ பெங், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“நாலாவதாடா?”

“ஆமா.”

“நீயா. பாத்தா தெரியலையே.”

சமீனா கரண்டியை மீனை நோக்கி நீட்டினாள். ஹொக் லியன் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

“வேணாம் சயாமா. பன்னிக் கொழுப்பு போட்டு அவிச்சது. உங்களுக்கு ஆகாது.”

கரண்டி எடுத்த ஒரே ஆளையும் அவனே தடுக்க வேண்டியிருந்தது.

சியூ லான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சிகளை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

“பரவாது,” என்றாள், தனக்கே சொல்வதுபோல.

“ஆமாக்கா.”

“எனக்குத் தெரியும்டா. எல்லாம் தெரியும்.” குச்சியின் நுனி சதைக்கு மேலேயே நின்றது. “கை போக மாட்டேங்குது.”

அவன் அந்தச் சதையைத் தன் குச்சியால் திரும்ப எடுத்து, தானே தின்றான். “பரவால்லக்கா. ஆறிப்போச்சு,” என்றான். பரிமாறுகிறவர் கேட்காமலேயே வந்து கிண்ணத்தை மாற்றினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுக் கிண்ணத்திலும் எதுவும் சாப்பிடவில்லை.

கேடயத்தோடு படம் எடுத்தார்கள். நம் நடுவில் என்று சொல்லப்பட்ட இடம் ஹொக் லியனுக்குப் படத்தின் ஓரத்தில் அமைந்தது. அவன் படியிறங்கும்போது வாசலில் சமீனா நின்றிருந்தாள்.

“அக்கோ, நான் அன்னைக்கே சொல்லிருக்கணும். அந்த மார்க்கு...”

“அவ பொய் எழுதல சயாமா,” என்றான் ஹொக் லியன். “பாத்தீங்கல்ல, எல்லாம் தெரிஞ்சுதான் வெச்சிருக்கா.”

சமீனா வாசலிலிருந்து விலகி வழிவிட்டாள்.

அக்காவும் தம்பியும் மகாபந்துலா சாலை ஓரத்துக்கு வந்தார்கள். சியூ லானுக்கு முழங்கால் வலி. சாலை கடக்கும்போதெல்லாம் அவன்தான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். அன்றும் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு அவன் சட்டையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

“போலாம்டா,” என்றாள்.

பேருந்து ஒன்று வழிவிட்டு நின்றது. அவன் மெதுவாக நடந்தான், துணி இழுபடாத அளவுக்கு.