மஞ்சள் வயர்

வண்டியோடு கம்பெனி போட்டுக் கொடுத்த ரேடியோ ஒரு வாரம் இருமியது, கரகரத்தது, பிறகு ஒரு காலையில் மூச்சை விட்டது. முட்டைக்காரர் பியூஸை மாற்றிப் பார்த்தார். அதன் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். விளக்குக்கூட எரியவில்லை. வண்டியே கிழடு, ரேடியோ மட்டும் இளமையாகவா இருக்கும் என்று விட்டுவிட்டார்.

பிரச்சினை வீட்டுக்காரியிடமிருந்து வந்தது.

பண்ணையில் முட்டை அட்டைகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி, கடை கடையாகப் போடுவது அவர்கள் பிழைப்பு. ஓட்டுவது அவர். கடைக்குள் போய்ச் சிரித்துப் பேசி இறக்குவது அவள். அவர் போனால் சிரிப்பும் இருக்காது, வியாபாரமும் இருக்காது. ரேடியோ செத்த நாலாம் நாள் அவள் சொன்னாள்:

"நாளையில இருந்து நான் தங்கச்சி வண்டியில வர்றேன். நீங்க பின்னாடியே வாங்க. கடை வந்ததும் இறங்கி முட்டைய எடுத்துக்கறேன்."

"ஏன், என் வண்டி சீட்டுல முள்ளு முளைச்சிருக்கா?"

"சீட்டு நல்லாத்தான் இருக்கு. உங்க வாய்தான். ரேடியோ பாடுறப்ப நீங்க பேசுறதுல பாதிதான் காதுல விழும். இப்ப முழுசா விழுது. பள்ளத்தத் திட்டுறீங்க, சிக்னலத் திட்டுறீங்க, சைக்கிள்ல போறவன் என்ன பாவம் பண்ணான்? வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள்ள நீங்கதான் ஓடிக்கிட்டிருக்கீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. தங்கச்சி வண்டி என்றால் சகலையின் வண்டி. சகலை அதே கடைகளுக்கு ரொட்டி போடுகிறவன். எந்நேரமும் பல் தெரியச் சிரிப்பான். காரணமில்லாமல் சிரிக்கிறவனை முட்டைக்காரர் பிறந்ததிலிருந்து நம்பியதில்லை.

ஆனாலும் மறுநாள் அப்படித்தான் நடந்தது. முன்னால் ரொட்டி வேன், பின்னால் முட்டை வண்டி. வேனின் பின்கண்ணாடி வழியாக அக்காள் தங்கச்சி இரண்டு தலைகளும் ஆடி ஆடிச் சிரிப்பது தெரிந்தது. சொந்தப் பெண்டாட்டியின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்ட வேண்டிய கேடு எந்த மனிதனுக்கு வந்திருக்கிறது? திட்டினார். கேட்க ஆளில்லாமல் திட்டுவதில் ருசியும் இல்லை.

முதல் கடைக்காரனே ஆரம்பித்துவிட்டான். "என்ன அண்ணாச்சி, முட்டை ஒரு வண்டியில, முட்டைக்காரம்மா ஒரு வண்டியில?"

"உனக்கு முட்டை வேணுமா, ஊர்க்கதை வேணுமா?"

சகலை வேனிலிருந்து தலையை நீட்டினான். "பேசாம ஒரு புது ரேடியோ வாங்கி மாட்டுங்களேன் சகலை. எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு."

"உனக்குத் தெரிஞ்ச கடைக்கு உயிர் போனாலும் போகமாட்டேன். நீ உன் பன்னைப் பாரு."

சகலைக்குத் தெரியாத ரேடியோக் கடையாகத் தேடிப் போனார். கடைக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பலகை மாதிரி ஒரு தொடுதிரை ரேடியோவைக் கொண்டுவந்தார்.

"இந்த மாடலுக்கு ஓட்டை சின்னது. டேஷ்போர்டுல ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிட்டா கச்சிதமா உட்கார்ந்துடும்."

"தொப்பி சேரலைன்னா தலைய வெட்டுவியா?"

"சரி, வெட்டாம ஏதாவது பண்ணலாம். முதல்ல இதப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு! உங்க போனக் குடுங்க... போன்ல இருக்குற நம்பர் எல்லாம் பார்க்கலாமான்னு கேக்குது. சரின்னு தொடுங்க."

முட்டைக்காரர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "பாடுறதுக்கு வந்த கழுதைக்கு என் மச்சினிச்சி நம்பர் எதுக்குய்யா? நாளைக்கு வீட்டுச் சாவி கேக்கும், குடுக்கணுமா? திருகுனா பாடணும், திருகுனா நிக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா, இல்லையா?"

அடித்தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்று வந்தது. இரண்டு திருகு, நாலு பொத்தான். கம்பெனி வயரோடு அதைச் சேர்க்க ஒரு இணைப்பும் கொடுத்த கடைக்காரர், வயரைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்: "கறுப்பு, வண்டி பாடிக்கு. சிவப்பு, சாவியோட போகணும். இந்த மஞ்சள்ல மட்டும் எந்நேரமும் கரண்ட் இருக்கணும்."

"சாவிய எடுத்த பிறகுமா?"

"ஆமாங்க. ஒரு சொட்டு. ஞாபகத்துக்கு."

"யாரு ஞாபகத்துக்கு?"

"ரேடியோ ஞாபகத்துக்குத்தான்."

முட்டைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. ராத்திரி முழுக்க இது பேட்டரியை உறிஞ்சும். காலையில் வண்டி கிளம்பாது. அடுத்த அலமாரியில் புதுப் பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடேயப்பா, என்ன ஏற்பாடு!

"நானே மாட்டித் தர்றேங்க" என்றார் கடைக்காரர்.

"என் வண்டியில எவனும் கை வைக்க வேணாம்."

விடுமுறை நாள் மத்தியானம், டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, பழைய ரேடியோவை உருவினார். பின்னால் ஒரு பிடித் தூசியும், எந்தக் காலத்திலோ உடைந்த முட்டை ஓடும் கிடந்தன. கறுப்பைக் கறுப்போடு முறுக்கினார். சிவப்பைச் சாவி வயரோடு முறுக்கினார். மஞ்சள் வந்தபோது, "உனக்குத் தனிக் கவனிப்பா?" என்று கேட்டு, அதையும் சிவப்போடேயே சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார். சாவியைத் திருப்பினால் சாப்பிடு. சாவியை எடுத்தால் பட்டினி கிட. அவ்வளவுதான்.

ரேடியோ கணீரென்று பாடியது. வீட்டுக்காரி கதவருகே வந்து நின்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"நாளைக்கு என் வண்டிதானே?"

"வர்றேன்."

அவர் மார்பு கொஞ்சம் விரிந்தது.

மறுநாள் பழைய பாட்டுப் போடும் ஸ்டேஷன் ஒன்றை அவளே தேடி வைத்தாள். முதல் கடை வந்தது. சாவியை எடுத்தார், முட்டை இறங்கியது, சாவியைப் போட்டார். ஸ்டேஷனைக் காணோம். காதைக் கிழிக்கிற சத்தத்தில் வெறும் இரைச்சல். திருகிக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது கடையிலும் அதே கதை. ஒவ்வொரு கடையிலும் அது அன்றைக்குத்தான் பிறந்த பிள்ளை மாதிரி அலறியது.

"அறிவு கெட்டது! இப்பத்தானே காட்டுனேன்? உனக்கு எத்தனை தடவை சொல்றது? உன்னைச் செஞ்சவன் கையில..."

"இந்தாங்க" என்றாள் வீட்டுக்காரி. "உங்க வாய அமுக்கத்தான் ரேடியோ வாங்குனோம். இப்ப ரேடியோவுக்கு விழுற திட்டையும் நானே உட்கார்ந்து கேக்கணுமா?"

நாலாவது கடையில் இறங்கியவள் காலி அட்டைகளைப் பின்னால் போட்டுவிட்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அங்கே நின்றிருந்த ரொட்டி வேனில் ஏறினாள். சகலை கையை ஆட்டினான். அந்தக் கையை ஒடிக்கலாம் போலிருந்தது.

வேலை முடிந்ததும் முட்டைக்காரர் ரேடியோக் கடைக்குள் புயலாகப் புகுந்தார். "புத்தி சுவாதீனம் இல்லாத ரேடியோவ என் தலையில கட்டிட்டியே! சாவிய எடுத்தா எல்லாத்தையும் மறந்துடுது!"

"மஞ்சள எங்க குடுத்தீங்க?"

முட்டைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"சாவியோடயே சேர்த்துட்டீங்களா? அதுக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடுக்காம போட்டுட்டு, ஞாபகம் வச்சுக்கோன்னா எப்படி வச்சுக்கும்?"

"பேட்டரி செத்துப்போகும்."

"உங்க டேஷ்போர்டுல கடிகாரம் ஓடுதா?"

"ஓடுது."

"சாவிய எடுத்தா நின்னுடுதா?"

"இல்லியே."

"அது எதைக் குடிச்சு ஓடுதுன்னு நினைச்சீங்க? வண்டி வாங்குன நாள்ல இருந்து அதே சொட்டைத்தான் குடிக்குது."

"அந்தக் கடிகாரமுமா?" முட்டைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் மூக்குக்கு நேரே உட்கார்ந்து, டிக் டிக் என்று நல்ல பிள்ளை மாதிரி, குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாரைத்தான் நம்புவது?

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே டேப்பைப் பிரித்தார். சிவப்பிலிருந்து மஞ்சளைப் பிரித்து, எந்நேரமும் கரண்ட் இருக்கும் வயரோடு முறுக்கினார். முறுக்கும்போது கடைக்காரர், சகலை, கடிகாரம் என்று ஒருவரையும் பாக்கி வைக்காமல் திட்டினார். பிறகு அவள் தேடி வைத்த ஸ்டேஷனை மறுபடி திருகிப் பிடித்து, சத்தத்தையும் அளவாக வைத்து, சாவியை எடுத்தார்.

விடிந்ததும் முதல் வேலையாகச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. அதுவே அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ரொட்டி வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. வீட்டுக்காரி பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முட்டைக்காரர் அவளைக் கூப்பிடவில்லை. சாவியை எடுத்தார். மறுபடி போட்டார். நேற்று அவள் தேடி வைத்த அதே ஸ்டேஷன், அதே சத்தத்தில் பாடியது. திரும்பவும் எடுத்தார், போட்டார். பாடியது.

அவள் நின்றாள். தங்கச்சியைப் பார்த்து, நீங்க பின்னாடி வாங்க என்று கையைக் காட்டினாள். பிக்கப் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"பார்த்தியா? ராத்திரி பூரா என் பேட்டரிய உறிஞ்சிக் குடிச்சுட்டுத்தான் இந்த..."

அவள் கையை நீட்டித் திருகைத் திருப்பினாள். பாட்டு வண்டியை நிறைத்தது.

தெருமுனையில் முதல் பள்ளம் வந்தது. அவர் வாய் அசைந்தது. சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். இன்னும் வேகமாக அசைந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு முழங்காலில் தாளம் போட்டாள். கண்ணாடியில் பார்த்தார். சகலையின் ரொட்டி வேன் பின்னால் வந்துகொண்டிருந்தது.